எட்டு சானல் பேட்டரி சோதனைக்கு எந்த வரைபட லைப்ரரி?

கேள்வி:

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரிலிருந்து எழுதுகிறேன். மின்சார ஸ்கூட்டர்களுக்கு பேட்டரி கோத்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் ஒன்றுக்கு விண்டோஸ் மென்பொருள் எழுதி வருகிறேன். சி ஷார்ப் மொழி, திரைகளுக்கு மைக்ரோசாஃப்டின் டபிள்யூபிஎஃப். சோதனை மேசையில் எட்டு சானல்கள். ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம், மின்னோட்டம், வெப்பநிலை மூன்றையும் வினாடிக்குப் பத்து முறை அளக்கிறோம். ஒரு சோதனை ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை ஓடும். இப்போதைக்கு விண்டோஸ் ஃபார்ம்ஸோடு வந்த பழைய சார்ட் கட்டுப்பாட்டையே உள்ளே பொருத்தியிருக்கிறேன். காலையில் தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் நன்றாக ஓடுகிறது. பிறகு திணறி, மத்தியானத்துக்குள் திரை உறைந்துவிடுகிறது. நிறுவனத்தை நடத்தும் ஆச்சி, வாடிக்கையாளருக்குப் போகும் அறிக்கை தமிழில்தான் அச்சாக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இலவச லைப்ரரி போதுமா, விலை கொடுத்து வாங்க வேண்டுமா, நானே வரைந்துகொள்ளலாமா? பார்க்கும் ஒவ்வொன்றும் அழகாகத்தான் இருக்கிறது. ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

ஒன்றைச் சொல்லச் சொன்னீர்கள், சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலைக்கு ஸ்காட்பிளாட் பொருந்தும். எம்ஐடி உரிமம், விலை இல்லை. டபிள்யூபிஎஃப் திரையில் நேராக உட்காரும். சீரான இடைவெளியில் வரும் லட்சக்கணக்கான அளவீடுகளை வரைவதற்கென்றே அதில் 'சிக்னல்' என்ற தனி வகை இருக்கிறது.

ஆனால் இந்தப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போய், பழைய கட்டுப்பாடு இருந்த இடத்தில் இதைச் செருகிவிடாதீர்கள். திரை உறைவதில் லைப்ரரியின் பங்கு பாதிதான். அளவீடுகள் அத்தனையும் வரைபடத்துக்குள்ளேயே குடியிருப்பது மறுபாதி. அதை முதலில் சரிசெய்தால், எந்த லைப்ரரி என்ற கேள்வியே வேறு கேள்வியாகிவிடும். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கணக்கிலிருந்து தொடங்குவோம். வினாடிக்குப் பத்து அளவீடு என்றால் ஒரு நாளுக்கு 8,64,000. எட்டு சானல், மூன்று அளவுகள், ஆக இருபத்து நான்கு ஓடைகள். நாளொன்றுக்கு 2,07,36,000 எண்கள். ஒவ்வொன்றையும் எட்டு பைட் எண்ணாக வைத்தால் ஒரு நாளுக்கு ஏறத்தாழ 166 எம்பி, ஒரு வாரச் சோதனைக்கு ஒரு ஜிபிக்கு மேல். இது வெறும் எண்களை அடுக்கி வைத்தால் ஆகும் அளவு. பழைய சார்ட் கட்டுப்பாடு அப்படி அடுக்குவதில்லை. ஒவ்வொரு புள்ளியையும் நிறம், குறி, லேபிள் என்று தனித்தனிப் பண்புகள் கொண்ட ஒரு முழுப் பொருளாகவே வைத்துக்கொள்கிறது. விற்பனைப் பட்டியலின் பன்னிரண்டு மாதங்களை வரைய அது போதும். ஒரு மணி நேரத்தில் எட்டு லட்சம் புள்ளிகளைத் தாண்டும் உங்கள் மேசைக்கு அது தாங்காது.

இப்போது திரையைப் பாருங்கள். முழு எச்டி திரை 1920 பிக்சல் அகலம். ஓரங்களையும் அச்சு எண்களையும் கழித்தால் வரைபடத்துக்கு 1600 பிக்சல் கிடைக்கும். ஒரு நாள் முழுவதையும் அதில் காட்டும்போது ஒரு பிக்சல் நெடுவரிசைக்குள் 540 அளவீடுகள் விழுகின்றன. அத்தனையையும் வரைவதால் கண்ணுக்கு எதுவும் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. எதைக் காட்டுவது, எதை விடுவது என்பதுதான் முடிவு செய்ய வேண்டியது.

540-க்கு ஒன்று என்று எடுத்து வரைவது பலரும் செய்வது. உங்கள் தொழிலில் அது ஆபத்து. ஒரு செல்லின் இணைப்பு தளர்ந்து, பத்தில் ஒரு வினாடி மின்னழுத்தம் சரிந்து மீண்டால், அந்த ஓர் அளவீடு விட்டுப்போன 539-இல் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். சராசரி எடுத்தாலும் அந்தச் சரிவு கரைந்துவிடும். அந்தச் சரிவைக் கண்டுபிடிக்கத்தானே சோதனையே நடக்கிறது? அதனால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அதனுள் விழும் அளவீடுகளின் சிறுமத்தையும் பெருமத்தையும் எடுத்து, இரண்டையும் இணைத்து ஒரு செங்குத்துக் கோடு போடுங்கள். எந்தத் துடிப்பும் தப்பாது. புள்ளிகளைக் குறைத்து வரையும் எல்டிடிபி என்ற முறையைப் பற்றியும் படித்திருப்பீர்கள். ஐஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஸ்வெய்ன் ஸ்டெய்னார்சன் 2013-இல் தம் ஆய்வேட்டில் எழுதியது. கோட்டின் உருவத்தை அது அழகாகக் காப்பாற்றும். ஆனால் எல்லா உச்சங்களையும் காப்பாற்றும் என்ற உறுதி அதில் இல்லை. விளக்கக் கட்டுரையில் வரும் படத்துக்கு எல்டிடிபி போதும். பழுது தேடும் திரைக்குச் சிறுமமும் பெருமமும்தான்.

செட்டிநாட்டில் கணக்கெழுதிய வீடுகளில் பேரேடு வேறு, ஐந்தொகை வேறு. ஒவ்வொரு பற்றும் வரவும் பேரேட்டில் அதனதன் பக்கத்தில் இருக்கும். ஐந்தொகை அதிலிருந்து எடுத்தெழுதுவது. ஐந்தொகை எழுதியாகிவிட்டது என்று யாரும் பேரேட்டைக் கிழித்ததில்லை. உங்கள் அளவீடுகள் பேரேடு, திரையில் இருப்பது ஐந்தொகை. இரண்டையும் ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

செய்முறை இதுதான். கருவியிலிருந்து வரும் எண்களைத் தனி த்ரெட் ஒன்று வாங்கி உடனே வட்டில் எழுதட்டும். எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளம் போதும், பத்துப் பத்தாகச் சேர்த்து ஒரே பரிவர்த்தனையாக எழுதுங்கள். கூடவே ஒவ்வொரு நிமிடத்துக்கும் சிறுமம், பெருமம் என்று ஒரு சோடி எழுதி வையுங்கள். ஒரு வாரம் முழுவதற்கும் ஓர் ஓடைக்கு 10,080 சோடிகள்தான் ஆகும். வாரத்தையோ நாளையோ பார்க்கும்போது இந்தச் சோடிகளை வரையுங்கள். பயனர் பெரிதாக்கி ஒரு மணி நேரத்துக்குள் வந்ததும் மூல அளவீடுகளை வட்டிலிருந்து எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஓடைக்கு 36,000 புள்ளிகள். எந்த நல்ல லைப்ரரிக்கும் அது சுமையே அல்ல. அளவீடு வந்த ஒவ்வொரு முறையும் திரையைப் புதுப்பிக்காதீர்கள். டைமர் ஒன்று வினாடிக்கு நான்கைந்து முறை புதுப்பித்தால் பேட்டரி சோதனைக்குத் தாராளம். மின்கலத்தின் வெப்பநிலை அதைவிட வேகமாக மாறும் நிலை வந்தால், திரையைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமும் இருக்காது. அங்கே இணைப்பைத் துண்டிக்க வேண்டியது கருவிதான், வரைபடம் அல்ல.

இவ்வளவும் செய்தபின் வேகம் பெரிய விஷயமாக இருக்காது. லைப்ரரிகளைப் பிரித்துக் காட்டும் மற்ற விஷயங்கள் அப்போதுதான் முன்னால் வரும். அவற்றில் முதலாவது, ஆச்சி கேட்ட தமிழ்.

இதில் பெரும்பாலோர் கடைசி வாரத்தில்தான் விழிக்கிறார்கள். உங்கள் பழைய கட்டுப்பாடு தமிழை ஒழுங்காகக் காட்டியிருக்கும். விண்டோஸின் சொந்த எழுத்து வசதியை அது பயன்படுத்துவதே காரணம். புதிய லைப்ரரிகள் பலவும் ஸ்கியா என்ற வரைகலை இயந்திரத்தின்மேல் கட்டப்பட்டவை. ஸ்காட்பிளாட் 5, லைவ்சார்ட்ஸ் 2 இரண்டும் அப்படித்தான். ஸ்கியாவிடம் ஒரு சொல்லை நேராகக் கொடுத்தால், எழுத்துருவில் உள்ள வடிவங்களை வந்த வரிசையில் வைத்துக்கொண்டே போகும். எழுத்துகளைக் கோப்பது, அதாவது கொம்பையும் காலையும் உரிய இடத்தில் அமைப்பது, அதன் பொறுப்பல்ல. அதற்கு ஹார்ஃப்பஸ் என்ற இன்னொரு நிரலை இணைக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு இது இல்லாமலே சமாளித்துவிடலாம் என்பதால் லைப்ரரி எழுதுபவர் கவனிக்காமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு.

உங்களுக்குத் தேவையான மூன்று சொற்களும் மூன்று விதமாக உடையக்கூடியவை. 'வெப்பநிலை'யில் வகரம் முதலிலும் ஒற்றைக்கொம்பு பிறகுமாகக் கணினியில் சேமிக்கப்படுகிறது. கோக்காமல் வரைந்தால் கொம்பு வகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். கடைசியில் லகரத்துக்கும் அதே கதி. 'மின்னோட்ட'த்தில் ஓகாரக் குறி இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரிந்து னகரத்தின் இரு பக்கமும் நிற்க வேண்டும். பிரியாமல் ஒரே பக்கம் ஒட்டிக்கொள்ளும். 'மின்னழுத்த'த்தில் 'ழு' தன் சேர்ந்த வடிவத்தை எடுக்காமல், ழகரமும் உகரக் குறியும் தனித்தனியாக நிற்கும். அதனால் எந்த லைப்ரரியை எடுத்தாலும், முதல் கோட்டை வரைவதற்கு முன் இந்த மூன்று சொற்களையும் அச்சுத் தலைப்பாக எழுதிப் பாருங்கள். நிர்மலா யூஐ எழுத்துருவைக் கொடுத்தே பாருங்கள். விண்டோஸ் 8 முதல் அது கணினியோடே வருகிறது. எழுத்துரு தமிழ் அல்லாததாக இருந்தால் கட்டங்கள்தான் தெரியும். அது வேறு கோளாறு, எளிதில் சரியாகும்.

உடைந்தால் என்ன செய்வது? லைப்ரரியை மாற்ற வேண்டியதில்லை. வரைபடத்துக்குள் எண்கள் மட்டும் இருக்கட்டும். அச்சுத் தலைப்பு, சானல் பெயர்கள், சுட்டியின்கீழ் தெரியும் மதிப்பு எல்லாவற்றையும் டபிள்யூபிஎஃப்பின் சொந்த எழுத்துக் கட்டங்களாக வரைபடத்தைச் சுற்றி வையுங்கள். டபிள்யூபிஎஃப் தமிழைச் சரியாகக் கோக்கும். இடப்பக்கத் தலைப்பை 90 பாகை திருப்பி நிறுத்துவது ஒரு வரி வேலை. அறிக்கையையும் இப்படியே டபிள்யூபிஎஃப் ஆவணமாகக் கட்டி, வரைபடத்தை மட்டும் படமாக அதனுள் வைத்து, விண்டோஸ் 10 முதல் உள்ளேயே இருக்கும் பிடிஎஃப் அச்சுப்பொறிக்கு அனுப்புங்கள். பிடிஎஃப் உருவாக்கும் லைப்ரரிகள் பலவற்றிலும் இதே கொம்புக் குழப்பம் உண்டு. நேராக அவற்றிடம் தமிழைக் கொடுத்தால், திரையில் சரியாக இருந்தது தாளில் உடைந்து வரும்.

வாடிக்கையாளர் கைக்குப் போகும் தாளில் 'வெப்பநிலை' என்பதன் கொம்பு இடம் மாறிக் கிடந்தால், அதற்குக் கீழே உள்ள எண்களையும் அவர் நம்பத் தயங்குவார். ஆச்சி கேட்டது சின்ன விஷயமல்ல.

தாள் என்றதும் இன்னொன்று. அலுவலக அச்சுப்பொறி கறுப்பு வெள்ளை லேசராகத்தான் இருக்கும். திரையில் எட்டு நிறங்களில் ஓடிய எட்டுக் கோடுகளும் தாளில் எட்டுச் சாம்பல் கோடுகளாகிவிடும். அறிக்கைக்கு முழுக்கோடு, விட்டுவிட்ட கோடு, புள்ளிக்கோடு என்று வகை மாற்றுங்கள். அல்லது சானலுக்கு ஒரு சிறிய வரைபடமாக எட்டை அடுக்குங்கள்; நான் இதைத்தான் விரும்புவேன். படத்தைத் திரையிலிருந்து பிடித்து ஒட்டாதீர்கள். ஏ4 தாளில் 160 மில்லிமீட்டர் அகலப் படம் கூர்மையாக வர 1890 பிக்சல் வேண்டும். அந்த அளவுக்குத் தனியாக வரைந்து சேமிக்க எல்லா நல்ல லைப்ரரிகளிலும் வழி இருக்கிறது.

அடுத்தது மின்வெட்டு. இருபது நிமிடம் மின்சாரம் இல்லை, யூபிஎஸ்ஸும் கைவிட்டது, சோதனை நின்று மீண்டும் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். சாதாரணக் கோட்டு வரைபடம், நின்ற புள்ளியையும் தொடங்கிய புள்ளியையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துவிடும். அந்த இருபது நிமிடமும் பேட்டரி சீராக இருந்ததுபோலத் தாள் சாட்சி சொல்லும். அது பொய்ச் சாட்சி. ஸ்காட்பிளாட்டின் சிக்னல் வகையில் இதைவிட மோசமாகவும் நடக்கலாம். எல்லா அளவீடுகளும் ஒரே இடைவெளியில் வந்தவை என்று நம்பித்தான் அது வேகமாக வரைகிறது. இடையில் இருபது நிமிடம் இல்லை என்பது அதற்குத் தெரியாது. பின்னால் வரும் அத்தனையையும் இருபது நிமிடம் இடப்பக்கம் தள்ளி வரைந்துவிடும். தொடர்ச்சியாக வந்த ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி சிக்னலாக, அதனதன் தொடக்க நேரத்தோடு வையுங்கள். நடுவில் வெற்றிடம் தெரியட்டும். ஆக்ஸிபிளாட் என்ற இன்னொரு இலவச லைப்ரரியில், 'எண் அல்ல' என்று குறிக்கும் NaN மதிப்பை இடையில் செருகினால் கோடு அங்கே முறியும். எதில் எழுதினாலும், இடைவெளியை இடைவெளியாகக் காட்டுவது உங்கள் பொறுப்பு.

தானாக அளவு மாறும் அச்சையும் நிறுத்திவையுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் என்றால் பெரும்பாலான நேரம் 3.2 வோல்ட்டை ஒட்டியே தட்டையாக ஓடும். அச்சைத் தானாக விட்டால், லைப்ரரி அந்தச் சில மில்லிவோல்ட் சலனத்தைத் திரை முழுக்க விரித்துக் காட்டும், பார்ப்பவர் பதறிப்போவார். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் எல்லாச் செல்லும் ஒன்றுபோலத் தெரியும். அந்த வகைச் செல்லை 2.5 வோல்ட் வரை இறக்கி 3.65 வரை ஏற்றுவார்கள். அச்சை 2.4 முதல் 3.8 வரை நிலையாக வைத்தால் இரண்டு நாள் சோதனைகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியும். மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் ஒரே படத்தில் இடம் வலம் என இரண்டு அச்சுகளில் போடும் வழக்கம் இருக்கிறது. எந்தக் கோடு எந்த அச்சுக்கு என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியிருக்கும். மேலும் கீழுமாக இரண்டு படங்கள் வைத்து, நேர அச்சை மட்டும் ஒன்றாக நகரச் செய்யுங்கள்.

விலை கொடுத்து வாங்குவதைப் பற்றி. சைசார்ட், லைட்னிங்சார்ட் இரண்டும் வரைகலை அட்டையைக் கொண்டு வரைபவை. வேகத்தில் குறை சொல்ல முடியாது. வினாடிக்கு ஆயிரக்கணக்கான அளவீடு வரும் அதிர்வு ஆய்வு, இதயத் துடிப்புப் பதிவு போன்றவற்றுக்குப் பணம் கொடுக்கலாம். உங்கள் வினாடிக்குப் பத்துக்கு வேண்டாம். வரைகலை அட்டை வழி வரையும் எதை எப்போது எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள். அட்டைகள் பெரும்பாலும் 32 பிட் தசம எண்ணில் வேலை செய்கின்றன. நேரத்தை 1970-லிருந்து எண்ணிய வினாடிகளாக, அதாவது 170 கோடியைத் தாண்டிய எண்ணாக, அப்படியே கொடுத்தால் அந்த அளவில் 32 பிட் எண்ணால் 128 வினாடிக்குக் குறைந்த வித்தியாசத்தைப் பிடிக்க முடியாது. உங்கள் 1,280 அளவீடுகள் ஒரே இடத்தில் குவிந்து படிக்கட்டாகத் தெரியும். சோதனை தொடங்கிய நேரத்தைக் கழித்துவிட்டுக் கொடுத்தால் தொல்லை இல்லை.

சென்னையில் பெரிய அலுவலகம் வைத்திருக்கும் சின்க்ஃப்யூஷன், சிறிய நிறுவனங்களுக்குத் தன் கட்டுப்பாடுகளைக் கட்டணமில்லாமல் தருகிறது. ஆண்டு வருவாய், ஆட்களின் எண்ணிக்கை என்று அதற்கு வரம்புகள் உண்டு. நிறுவனம் வளர்ந்து வரம்பைத் தாண்டும் நாளில் ஆண்டுதோறும் டாலரில் கட்ட வேண்டியிருக்கும் என்பதை ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அந்தப் பக்கம் போக வேண்டும்.

இலவசம் என்பதிலும் இரண்டு வகை உண்டு, இதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். ஸ்காட்பிளாட், ஆக்ஸிபிளாட், லைவ்சார்ட்ஸ் 2 மூன்றும் எம்ஐடி உரிமத்தில் இருப்பவை. பதிப்புரிமைக் குறிப்பை மென்பொருளோடு வைத்தால் போதும், விற்கலாம். திரைகள் எழுத உதவும் க்யூட்டி என்ற தொகுப்பின் பக்கம் போனால் க்யூட்டி சார்ட்ஸும் க்யூகஸ்டம்பிளாட்டும் ஜிபிஎல் அல்லது விலை என்ற இரட்டை உரிமத்தில் இருக்கின்றன. ஜிபிஎல் வழியில் எடுத்தால், மென்பொருளை வாங்குபவருக்கு உங்கள் மூல நிரலையும் அதே உரிமத்தில் கொடுக்க வேண்டும். அது தவறான ஏற்பாடல்ல. ஆனால் நீங்கள் ஒப்புக்கொண்டு செய்ய வேண்டியது, தெரியாமல் மாட்டிக்கொள்ள வேண்டியதல்ல.

வேறு மொழியில் எழுதும் வாசகர்களுக்காக இரண்டு வரி. பைத்தானில் நேரடித் திரைக்கு பைகியூடிகிராஃப். அது க்யூட்டியின்மேல் கட்டப்பட்டது; க்யூட்டியே எழுத்துகளைக் கோப்பதால் தமிழும் சரியாக வரும். மேட்பிளாட்லிப், நரம்பியல் ஆய்வாளரான ஜான் ஹன்டர் வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைப் பார்ப்பதற்காக எழுதத் தொடங்கி 2003-இல் வெளியிட்டது. கட்டுரைக்கான படங்களுக்கு அதற்கு இணை குறைவு. ஓடும் திரைக்கு மெதுவானது. எலக்ட்ரான் போன்ற உலாவி வழியில் எழுதுபவர்களுக்கு யூபிளாட், ஈசார்ட்ஸ் இருக்கின்றன. உலாவி தமிழைப் பிசகாமல் காட்டும் என்பது அங்கே பெரிய வசதி. ஆனால் முழு குரோமியம் உலாவியையும் சுமந்துகொண்டு 4 ஜிபி நினைவகக் கணினியில் ஒரு வாரம் நிற்காமல் ஓட வேண்டிய வேலைக்கு நான் அதை எடுக்க மாட்டேன்.

உங்கள் ஊரை நினைத்து ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அழகப்ப செட்டியார் கொடுத்த நிலத்திலும் நன்கொடையிலும் எழுந்த சிக்ரி என்ற மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், 1953 முதல் காரைக்குடியில் மின் வேதியியல் ஆய்வு செய்து வருகிறது. பேட்டரி, அரிப்பு, மின்முலாம் என்று அதே துறையில் வேலை செய்பவர்களைச் சந்திக்க உங்களுக்கு வெகு தூரம் போக வேண்டியதில்லை. உங்கள் மென்பொருள் நன்றாக ஓடினால் அடுத்த வாடிக்கையாளர் அந்தப் பக்கத்திலிருந்தே வரலாம். அவர் கேட்கும் படங்கள் வேறு வகை. சைக்ளிக் வோல்டாமெட்ரி என்றால் கிடை அச்சில் மின்னழுத்தம் ஒரு முனை வரை ஏறி, அதே வழியில் திரும்பி வரும். கோடு ஒரு வளையமாக மூடும். வேகத்துக்காக, கிடை அச்சு எப்போதும் ஏறுமுகம் என்று நம்பும் வரைபட வகைகள் இங்கே உடைந்துபோகும். ஸ்காட்பிளாட்டில் சிக்னலை விட்டுவிட்டு ஸ்காட்டர் வகைக்கு மாற வேண்டும். மின்மறுப்பு ஆய்வின் நைக்விஸ்ட் படத்தில் இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். இல்லையென்றால் அரைவட்டம் நசுங்கித் தெரியும். இதற்கு ஸ்காட்பிளாட், ஆக்ஸிபிளாட் இரண்டிலும் அமைப்பு இருக்கிறது. அரிப்பு ஆய்வின் டாஃபெல் படத்துக்கு மடக்கை அச்சு வேண்டும். ஆக்ஸிபிளாட்டில் அது கையோடு இருக்கிறது. ஸ்காட்பிளாட்டில் நீங்களே எண்களுக்கு மடக்கை எடுத்துக் கொடுத்து, அச்சு எண்களையும் மாற்றி எழுத வேண்டும். டாஃபெல் படங்கள்தான் முக்கிய வேலை என்றால் என் பதில் ஆக்ஸிபிளாட்டாக இருந்திருக்கும்.

இதனால்தான் லைப்ரரிக்கும் உங்கள் நிரலுக்கும் நடுவில் ஒரு சுவர் எழுப்பச் சொல்கிறேன். 'இந்த ஓடையை இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை காட்டு', 'இங்கே ஒரு குறி வை', 'இந்த அளவில் படமாகச் சேமி' என்று உங்களுக்குத் தேவையான ஏழெட்டு வேலைகளை உங்கள் சொற்களில் ஓர் இடைமுகமாக எழுதுங்கள். லைப்ரரியின் பெயர் அந்த ஒரு கோப்பைத் தவிர வேறெங்கும் வரக்கூடாது. ஸ்காட்பிளாட் நான்காம் பதிப்பிலிருந்து ஐந்துக்கு வந்தபோது அழைப்பு முறைகள் பெரிதும் மாறின. லைவ்சார்ட்ஸ் முழுவதுமாகத் திரும்ப எழுதப்பட்டது. நீங்கள் இப்போது பயன்படுத்தும் பழைய கட்டுப்பாடு டாட்நெட் ஃபிரேம்வொர்க் காலத்தது. புதிய டாட்நெட் பதிப்புகளோடு அது சேர்ந்து வருவதில்லை. எதை எடுத்தாலும் ஐந்தாறு ஆண்டுகளில் இப்படி ஒன்று நடக்கும். சுவர் இருந்தால் ஒரு கோப்பைத் திருத்துவீர்கள். இல்லையென்றால் எல்லாத் திரைகளையும்.

நானே வரையலாமா என்று கேட்டிருந்தீர்கள். கோட்டை வரைவது எளிது. அச்சில் எண்கள் 1, 2, 5 என்ற வரிசையில் அழகாக விழ வைப்பது, பெரிதாக்கும்போது மணி நிமிடமாகவும் நிமிடம் வினாடியாகவும் மாறுவது, சுட்டியை இழுத்தால் நகர்வது, திரையின் அளவு மாறினால் எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பது ஆகியவற்றில்தான் காலம் போகும். அந்தக் காலத்தைப் பேரேட்டுப் பக்கம் செலவிடுங்கள். அந்த வேலையை உங்களுக்காக வேறு யாரும் செய்து தரப் போவதில்லை.

முடிவெடுப்பதற்கு முன், உங்கள் கணினியில் அல்ல, சோதனை மேசைக்குப் பக்கத்தில் நிற்கும் கணினியிலேயே ஓட்டிப் பாருங்கள். ஒரு வார அளவீட்டைச் செயற்கையாக உருவாக்கிக்கொள்ளுங்கள். எங்காவது ஓரிடத்தில் ஒரே ஓர் அளவீட்டை மட்டும் 2 வோல்ட்டுக்குச் சரியவிடுங்கள். நடுவில் இருபது நிமிடத்தை வெட்டி எடுங்கள். வாரம் முழுவதையும் காட்டும் திரையில் அந்தச் சரிவு தெரிகிறதா, வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கிறதா என்று பாருங்கள். இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் டாஸ்க் மேனேஜரில் நினைவகம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரு தாளை அந்த அலுவலக அச்சுப்பொறியிலேயே அச்சடித்து ஆச்சியிடம் கொடுங்கள். அவர் திருத்தம் சொன்னால் முதலில் அதைச் செய்யுங்கள்.

அந்த மூன்று தமிழ்ச் சொற்களும் நீங்கள் சோதித்த லைப்ரரிகளில் எப்படி வந்தன என்று படம் எடுத்து, பதிப்பு எண்ணோடு எனக்கு அனுப்பி வையுங்கள். இதே கேள்வியோடு இன்னும் சிலர் எழுதியிருக்கிறார்கள். அடுத்த பதிலில் அந்தப் படங்களைச் சேர்த்துவிடுகிறேன்.